காப்பிப் பழம் தின்னாத என் மகள்

என் மகளுக்கு வயிற்றுப்போக்கோடு ரத்தம் போகத் தொடங்கியது ஒரு பழ சீசனில். வாழவந்திப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நாங்கள் இருவரும் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் மழை தப்பி, பழமெல்லாம் சின்னச் சின்னதாக இருந்தது, அது கிடக்கட்டும். ஒரே நாளில் பத்துத் தடவை கூடையை வைத்துவிட்டு மரங்களுக்குப் பின்னால் ஓடுவாள்.

எஸ்டேட் கம்பவுண்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் என்று நான் சொன்னதும், தலைவலி மாத்திரைக்கு வந்திருந்த, எங்கள் கூடைகளை எடை போட்டுக் கணக்கெழுதும் ரைட்டர் சிரித்தார்.

"ரத்தமாவது ஒண்ணாவது. காட்டுக்குள்ள பழத்தத் தின்னிருப்பா. செவப்பாத் தின்னா செவப்பாத்தான் போகும்."

"ஏனுங்க, என் புள்ள ஒரு பழங்கூட வாயில வெச்சதில்லீங்க."

"எல்லாரும் இதேதான் சொல்றீங்க."

நாக்கு வறண்டால் ஒன்றிரண்டு பழத்தைச் சப்பிக் கொட்டையைத் துப்புவது உண்டு. நானும் செய்திருக்கிறேன், மறைப்பானேன். என் மகளுக்கோ அந்த வழவழப்பே பிடிக்காது. ஆனாலும் அன்றிலிருந்து, மாலையில் கூடையை எடை போட வந்தால், அவளை மட்டும் வாயைத் திறந்து காட்டச் சொல்வார் ரைட்டர். கல்யாணத்துக்கு நிற்கிற பெண், வரிசையே பார்க்க வாயைத் திறப்பாள். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று வருஷம் கம்பவுண்டர் கொடுத்த பூச்சி மாத்திரைதான். அவள் ரவிக்கையை நான்கு தரம் பிடித்துத் தைத்த பிறகு, சேலத்துக்குக் கூட்டிப்போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். முழுக்கப் புண். ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார்.

"கிருமி வந்தா எதிர்க்க ரத்தத்துல காவலாளு மாதிரி சிலது இருக்கும்மா. உங்க பொண்ணுக்கு அதுல கொஞ்சம் சொந்த உடம்பையே எதிரின்னு நினைக்குது."

"நான் ஆக்கிப் போட்ட சோத்துல வளந்துட்டு, என் புள்ளையவே அடிக்குதுங்களா?"

"அதுதான் புண்ணாக்குதா, புண்ணு வந்தப்புறம் வந்து நிக்குதான்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியலம்மா. குடலைப் பாத்ததையும் இதையும் சேத்துத்தான் சொல்றோம். எதையோ தின்னதால வந்ததில்ல. மருந்துல அடக்கி வெக்கலாம்."

அத்தனை படித்தவர், குழாய் விட்டும் பார்த்தவர், முழுசாகத் தெரியவில்லை என்கிறார். எங்கள் ரைட்டர் தலைவலி மாத்திரையை விழுங்கிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டார்.

மருந்தில் அவள் தேறினாள். அடுத்த சீசனில் மறுபடி கூடையைத் தூக்கினோம். முதல் நாள் எடையிலேயே ரைட்டர் சொன்னார்: "வாயத் தொற."

மடியிலிருந்து டாக்டரம்மா கொடுத்த காகிதத்தை எடுத்து நீட்டினேன். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நீங்களே சத்தமாப் படிங்க."

"எல்லார் முன்னாலயுமா?"

"நான் எல்லார் முன்னாலயுந்தானுங்களே வாயத் தொறந்தேன். படிங்க," என்றாள் மகள்.

இங்கிலீஷில் தடுக்கித் தடுக்கிப் படித்தார். அர்த்தமும் சொல்ல வைத்தேன்.

"பழம்னு எங்கியாச்சும் எழுதியிருக்குதுங்களா?"

"இல்லம்மா."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் மகள் தன் கூடையிலிருந்து நல்ல சிவப்பாக ஒன்றை எடுத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டாள். சப்பினாள். கொட்டையைத் தராசுத் தட்டில் துப்பினாள்.

"இதுக்காம்மா இத்தன பேச்சு?" என்றாள் என்னிடம். "சப்புனு இருக்குது."

ரைட்டர் கொட்டையைத் தட்டிவிட்டு எடை பார்த்தார். வீடு வந்து சேரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.