உட்காராத மலை

எங்கள் சிங்காநல்லூர் வீட்டு அடுப்படி ஆணியில் ஒற்றை மூங்கில் முறம் தொங்குகிறது. ஒரு பக்கம் நசுங்கி, காய்ந்த செம்மண் ஒட்டியிருக்கும். அதில் யாரும் அரிசி புடைப்பதில்லை. கழுவவும் நான் விட்டதில்லை. எனக்கு அது முறமில்லை, யானையின் காது.

என் அக்கா நூல் மில்லில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி மலையடிவாரத்துத் தோட்டத்துக்குப் போன பிறகுதான் அவளுக்குப் பாட்டு வர ஆரம்பித்தது. ஆந்தையாகப் பாடினால் கழுத்து ஆந்தை மாதிரியே திரும்பும். பார்க்கிற நமக்கு உடம்பு சிலிர்த்துப் போகும். யானைப் பாட்டுக்கு மட்டும் இரண்டு முறங்களைக் காதோரம் விரித்துப் பிடித்துக்கொள்வாள். ஆதியில் மலைகளெல்லாம் நடந்துகொண்டிருந்தனவாம். களைத்துப்போய் ஒருநாள் உட்கார்ந்துவிட்டனவாம். உட்கார மனமில்லாத துண்டுகள் மட்டும் இன்னும் நடக்கின்றனவாம். அவைதான் யானைகள்.

உக்காந்த அம்மா மேக்கால மல,
உக்காராத மக்க நாங்க.
அம்மாளப் பாக்கப் போற தடத்துல
ஆருங்க வேலி போட்டது?

பாடுவதற்கு முன் மலையைப் பார்த்து, "ஏனுங்க, உங்க கதையச் சொல்லட்டுங்களா?" என்று கேட்பாள். ஒரு காக்கை கத்தவேண்டும், இல்லை ஓர் இலையாவது அசையவேண்டும். அதுவரை வாய் திறக்கமாட்டாள். "உத்தரவு வந்துருச்சா அம்மணி, இல்ல பைலு இன்னும் மேசையிலதான் கெடக்குதா?" என்று மச்சான் கேட்பார். என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஒரு லீவுக்கு நாங்கள் அங்கே போயிருந்தபோது, விடிகிற நேரத்தில் பிளிறல் கேட்டது. பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக்குட்டையில் யானைக்குட்டி ஒன்று விழுந்து கிடந்தது. ஏற ஏற வழுக்கியது. தும்பிக்கை நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிவதும் மறைவதுமாக இருந்தது. கரையில் தாய் யானை யாரையும் கிட்டே விடாமல் நின்றது. வனத்துறைக்குப் போன் போட்டால், மலைப்பாதையில் வந்துகொண்டிருக்கிறோம் என்றார்கள். அதுவரை குட்டி தாங்காது என்று பார்த்தாலே தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் தாயை விரட்ட வெடி வைத்தார்கள். வெடிக்கு வெடி குட்டி மிரண்டு ஆழத்துக்குப் போனது.

"வெடிய நிறுத்துங்க. தாய் நகந்தா கரைய வெட்டிச் சாக்குப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா முன்னே நடந்தாள். என் மகள் ஓடிப்போய் இரண்டு முறங்களையும் நீட்டினாள். "அத்த, காதுங்க."

அக்கா வாங்கி, உடனே தரையில் வைத்துவிட்டாள். "காத விரிச்சா சண்டைக்கு வாரேன்னு அர்த்தம் கண்ணு. நீ ஊட்டுக்குள்ள போ."

வெறுங்கையைத் தொங்கவிட்டு நின்று, விருந்தாளியிடம் பேசுகிற குரலில் கேட்டாள். "ஏனுங்க, உங்க புள்ளையக் கரையேத்தோணுங்க. சித்த தள்ளி நிக்கறீங்களா?"

பிறகு அந்தப் பாட்டை மெல்லச் சொன்னாள். யானையின் காதுகள் விரிந்தே இருந்தன. ரொம்ப நேரம் கழித்து அந்தக் காதுகள் அசைந்தன. பின்னாலேயே கால் எடுத்து வைத்து, தாய் யானை வாழைக்குள் போய் நின்றது. பாட்டைக் கேட்டதாலா, வெடிச் சத்தம் ஓய்ந்ததாலா, எனக்குத் தெரியாது. படித்தவர்கள் காரணம் சொல்லலாம். நான் கண்டதைத்தான் சொல்கிறேன். நீங்கள் யாரும் அப்படிக் கிட்டே போய் நிற்கக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எதிர்க்கரையை மண்வெட்டியால் சரித்து, ஷீட்டைக் கிழித்து, சாக்குகளை விரித்தோம். குட்டி முட்டி போட்டு முட்டி போட்டு மேலே ஏறியது. நாங்கள் விலகியதும் தாய் வந்து அதைத் தன் காலுக்கடியில் இழுத்துக்கொண்டது. போகிற வழியில் கிடந்த முறங்களைத் தும்பிக்கையால் தடவி முகர்ந்தது. ஒன்றின் விளிம்பை மிதித்தது. இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தது.

மிஞ்சியதுதான் இந்த ஆணியில் தொங்குவது. அக்கா இப்போதும் பாடுகிறாள், முறமில்லாமல். போன மாதம் எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து, தூரத்தில் நீலமாய்த் தெரிந்த மலையிடம் உத்தரவு கேட்டாள். கீழே பஸ் சத்தம். யாரும் சிரிக்கவில்லை. சின்னவன் ஏதோ பேச வாயெடுத்தான்.

"சும்மா இருடா, மல இன்னும் சொல்லல" என்றார் மச்சான்.