விளக்கு வைத்த பிறகு உப்பு

மாலை ஆறு பத்துக்குக் கரண்ட் போனது. எங்கள் ஃப்ரீசரில், மகள் கல்லூரி ஆய்வகத்தில் செய்து கொண்டுவந்த ஒரு கைப்பிடி வெள்ளைக் கட்டி இருந்தது. பார்க்க ஐஸ்தான், ஆனால் உள்ளே எரிவாயு அடைபட்டிருந்தது. குளிர் குறைந்தால் வாயு வெளியேறிவிடும். வாயுவை இப்படிக் கட்டியாக்கிச் சேமிக்கலாம், லாரியில்கூட அனுப்பலாம் என்று மறுநாள் கண்காட்சியில் அதைக் கொளுத்திக் காட்ட இருந்தாள். அதற்காக மாதக்கணக்கில் பாடுபட்டிருந்தாள்.

நான் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, சாமி விளக்கையும் அமர்த்தினேன். அவளோ, "அம்மா, பயப்படாம கல்லுப்பு வாங்கிட்டு வா. ஐஸோட உப்பக் கலந்தா ஃப்ரீசர் மாதிரியே குளிரும்" என்று சொல்லிவிட்டு ஜூஸ் கடைக்கு ஐஸ் வாங்க ஓடினாள்.

மளிகைக் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "விளக்கு வச்சாச்சுக்கா. மகாலட்சுமிய எப்படித் தூக்கிக் குடுக்குறது? காலைல மூட்டையாவே வாங்கிக்கங்க."

பக்கத்து வீட்டிலும் அதே பதில். கடைசியில் தெருமுனைப் பிரியாணிக் கடைக்குப் போன் செய்தேன்.

கடைக்கார பாய் ஒரு வாளி கல்லுப்போடு அவரே வந்துவிட்டார். மகள் தெர்மாகோல் பெட்டியில் ஐஸையும் உப்பையும் கலந்து கொட்டி, கட்டி இருந்த டப்பாவை நடுவில் புதைத்தாள். கட்டி கரையாமல் அப்படியே இருந்தது. பாய் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த ஒரு பிடிக்கு இம்புட்டு உப்பா? எங்க கடையில இப்படிப் போட்டா ஒருத்தன் வாய் வைப்பானா?"