பதினான்கு பங்கு

முழங்கால் சேற்றில் குனிந்தபடியே தர்மாம்பாள் காதை மட்டும் வரப்புப் பக்கம் வைத்திருப்பார். அங்கே ஊன்றிய மூங்கில் குச்சியில், பால் பாக்கெட் உறைக்குள் அவருடைய போன் தொங்கும். அது ஒருமுறை சிணுங்கினால் நிமிரமாட்டார். "அது விளம்பரம். வேலையப் பாருங்கடி" என்பார். அடுத்தடுத்து இரண்டு முறை சிணுங்கினால்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார். "காசு விழுந்துட்டுது." மற்ற பதின்மூன்று பெண்களும் சிரிப்பார்கள். போய்ப் பார்த்தால் கூலிப் பணம் கணக்கில் ஏறியிருக்கும். இதுவரை ஒரே ஒரு தடவைதான் கணிப்பு தப்பியது. அன்று வந்தது வங்கியின் தீபாவளி வாழ்த்து.

பாபநாசத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளிய ஊர் அவருக்கு. வயது ஐம்பத்திரண்டு. நடவுக் கூட்டத்தின் தலைவி. ஏக்கருக்கு இவ்வளவு என்று நிலக்காரரிடம் பேசி முடிப்பது, ஆள் திரட்டுவது, வேன் பிடிப்பது, பணத்தை வாங்கிப் பிரிப்பது எல்லாம் அவர்தான். அதற்காகத் தனக்கென்று ஒரு ரூபாய் கூடுதலாக எடுத்துக்கொள்வதில்லை. பதினான்கு பேர் குனிந்தால் பதினான்கு பங்கு. குனியாதவருக்குப் பங்கு கிடையாது. சொந்த நாத்தனார் காய்ச்சலோடு வந்து வரப்பில் சாய்ந்துவிட்ட அன்று, மருந்துக்குத் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாரே தவிர, பங்கு கொடுக்கவில்லை. நாத்தனார் ஆறு மாதம் பேசாமல் இருந்து, பிறகு தானாகவே பேசினார்.

போனில் பணம் வருவதை அவர் எதிரில் யாரும் குறை சொல்லிவிட முடியாது. "ரொக்கம் ரொக்கம்ங்கிறீங்களே, அந்த ரொக்கத்துக்கு நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும்" என்பார். ஐயா தூங்குகிறார், ஐயா கும்பகோணம் போயிருக்கிறார், நெல் போட்ட பணம் இன்னும் வரவில்லை, நாளைக்கு வா. நாலு நாள் அலைந்து வாங்கினால் நடுவே ஒட்டுப்போட்ட நோட்டு இரண்டு இருக்கும். அதை யார் தலையிலும் கட்ட மனமில்லாமல் தன் பங்கில் சேர்த்துக்கொள்வார். இப்போது நிலக்காரர்களில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தபடி அனுப்புகிறார்கள். கரையேறிக் கால் கழுவுவதற்குள் காசு வந்துவிடுகிறது.

கூட்டத்தில் சின்னவர் கவிப்ரியா. கல்யாணமாகி வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் பங்கு நேராக அவருடைய போனுக்கே போய்விடும். பாதியை மட்டும் எடுத்து மாமியாரிடம் நீட்டி, "இன்னிக்கு அவ்வளவுதாங்க அத்தை" என்பார். மீதி உள்ளேயே தங்கி, ஒரு தையல் மெஷினுக்காகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. மாமியார் ஒருநாள் வந்து துருவித் துருவிக் கேட்டபோது தர்மாம்பாள் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்துவிட்டார். அவர் போன பிறகு, "அரிசிப் பானையில வச்சாக் கண்டுபுடிச்சிடலாம். இதுக்குள்ள யாரு கையை விடுறது" என்று, கவிப்ரியாவின் போனை எடை போடுவது போல உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.

மற்றவர்களுக்கு நோட்டுதான் வேண்டும். அதற்காகத் தர்மாம்பாள் வாரம் இரண்டு முறை இலவசப் பேருந்தில் பாபநாசம் போய் ஏடிஎம் வாசலில் நிற்பார். ரகசிய எண்ணை அழுத்தும்போது முந்தானையை விரித்து மூடிக்கொள்வார். உள்ளே ஒருவரும் இல்லாவிட்டாலும் மூடுவார். "மேலேருந்து கேமரா பாக்குதுல்ல." இயந்திரம் ஐந்நூறு ரூபாய்த் தாளாகவே துப்பும். பழக்கடை, காப்பிக் கடை, பெட்ரோல் பங்க் என்று ஏறி இறங்கிச் சில்லறையாக்கி, அவரவர் கையில் கொடுப்பார். புருஷன்மார் வந்து நின்றால், "அவளை வரச் சொல்லுங்க" என்பதோடு சரி.

புருஷன்மாரிடம் கொடுப்பதில்லை என்ற பிடிவாதம் குந்தவையால் வந்தது. குந்தவைக்கு நாற்பது வயது. கூட்டத்தில் அவர் வேகத்துக்கு நடுகிறவர் யாருமில்லை. வங்கிக் கணக்கு திறந்த காலத்தில் வீட்டில் இருந்தது ஒரே போன், கணவர் இராஜாங்கத்தினுடையது. அந்த எண்ணையே கணக்குக்கும் கொடுத்துவிட்டார்கள். இராஜாங்கம் கெட்டவர் இல்லை. கையில் காசில்லாத நாட்களில் அவரைப் போல நல்ல மனிதரை அந்தத் தெருவிலேயே பார்க்க முடியாது. போன குறுவையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், ஏடிஎம்மும் காலியாக இருக்க, தர்மாம்பாள் அலுப்பில் எல்லாருடைய கூலியையும் போனிலேயே அனுப்பிவிட்டார். குந்தவையின் நாலு நாள் கூலி, அவர் சேறு கழுவி வீடு வந்து சேர்வதற்குள் பாட்டிலாகித் தீர்ந்திருந்தது. தஞ்சாவூரில் நர்சிங் படிக்கும் மகளின் தேர்வுக் கட்டணம் அது. குந்தவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவ என்னைய நல்லா ஏசியிருக்கலாம்" என்று தர்மாம்பாள் இன்னமும் மனசுக்குள் மருகுகிறார்.

இந்த ஆனியில் அச்சுதன் பேசினார். பெங்களூரில் வேலை. அப்பா விட்டுப்போன நிலத்தோடு பங்காளிகள் நிலத்தையும் சேர்த்து மூன்று வேலி நடவை இவர்களுக்கே கொடுத்திருந்தார். மூன்று வேலி என்றால் இருபது ஏக்கர், கிட்டத்தட்ட இருபது நாள் வேலை.

"தர்மாம்பா, இந்தத் தடவை அவங்கவங்க கணக்குக்கே நேரா போட்டுடறேன். பேரும் நம்பரும் மட்டும் அனுப்பிடுங்க. பக்கத்து ஊர்ல ஒரு மேஸ்திரி பாதியை முழுங்கிட்டானாம். உங்களைச் சொல்லலை."

உங்களைச் சொல்லலை என்றது கொஞ்சம் தைத்தது. இருந்தாலும் யோசித்துப் பார்த்துவிட்டு, "நியாயம்தானே தம்பி. நாளைக்கு நான் போய்ச் சேந்துட்டா இவளுவளுக்கு யாரு பிரிச்சுக் குடுப்பா" என்றார்.

பதின்மூன்று எண்கள் அன்று சாயங்காலமே சேர்ந்துவிட்டன. குந்தவை மட்டும் தள்ளியே நின்றார்.

"என் பேரை எழுதாதீங்கக்கா. திருவையாறு பக்கம் போற கூட்டத்துல சேந்துக்கிறேன். அங்க கையில குடுக்குறாங்களாம்."

அங்கே ஒரு நாளைக்கு நூறு ரூபாய் குறைவு. பழைய கணக்கில் எண்ணை மாற்றலாம் என்றால், மாற்றப் போகிறோம் என்ற செய்தியே முதலில் இராஜாங்கத்தின் போனுக்குத்தான் போகும். குந்தவை பெயருக்கு நேராகவும் தர்மாம்பாளின் எண்ணையே எழுதிவிடலாம் என்றார் கவிப்ரியா. தர்மாம்பாள் ஒப்பவில்லை. "அவ காசை நான் தின்னேன்னு ஒருநாள் பேச்சு வரும். நல்ல பேரைத் தவிர என்கிட்ட வேற என்ன இருக்கு."

கடைசியில் ரேஷன் கடை வாசலில் கையடக்கப் பெட்டியோடு உட்கார்ந்து புதுக் கணக்கு திறந்து தரும் நிலோஃபரிடம் குந்தவையை அழைத்துப் போனார். ஆதார் அட்டையும் கட்டைவிரலும் இருந்தால் போதும். பணம் எடுப்பதும் விரலை வைத்துத்தான், கூடவே போன் வேண்டியதில்லை. குந்தவை விரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தார், மறுபடியும் சிவப்பு. பத்து விரலுக்கும் அதே கதைதான். இருபது வருடமாக நாற்றைப் பிடித்துச் சேற்றில் அழுத்தி அழுத்தி, அந்த விரல்களில் கோடு என்று ஒன்றும் மிச்சமில்லை.

"நடவு சமயத்துல எல்லா அக்காங்களுக்கும் இப்படித்தாம்மா" என்றார் நிலோஃபர். "பதினஞ்சு நாள் தண்ணி, சேறு படாம எண்ணெய் தடவிட்டு வந்தா ரேகை எழும்பிடும். அப்ப வாங்க, முடிச்சுக் குடுத்துடறேன்."

நடவுக் கூலி வாங்குவதற்குப் பதினைந்து நாள் நடாமல் இருக்க வேண்டும். குந்தவை சிரித்தார். அதைப் பார்க்கத் தர்மாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. மகளுக்கு அடுத்த கட்டணம் ஆடியில் கட்டியாக வேண்டும். பதினைந்து நாள் கூலி போனால் அதுவும் போனது.

அங்கேயே நின்று தர்மாம்பாள் அச்சுதனைக் கூப்பிட்டார். குந்தவையின் பங்கை மட்டும் பதினைந்து நாள் அச்சுதனே வைத்திருந்து, புதுக் கணக்கு திறந்ததும் அதில் போடச் சொன்னார். "அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு" என்றார் அவர். குந்தவைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடாமல் எந்தப் பங்கு என்று யோசித்தபடியே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை வேன் வந்து நின்றது. பழக்க தோஷத்தில் குந்தவையும் வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கப் போனார். தர்மாம்பாள் அவர் மணிக்கட்டைப் பிடித்து வரப்பிலேயே நிறுத்தினார். சின்னத் தேங்காயெண்ணெய்ப் பாட்டில் ஒன்றை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"தேய்ச்சுக்கிட்டு உக்காரு. தண்ணியில கையை வச்ச, ஒடிச்சிடுவேன்."

"அப்ப பங்கு எப்படிக்கா?"

மற்ற பன்னிரண்டு பேரும் அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார்கள். ஆளுக்கு ஐந்து வரிசை அகலம் என்று அவரவர் இடம் பிடித்து நின்றதும், தர்மாம்பாள் தன் ஐந்தோடு, பக்கத்தில் குந்தவை வழக்கமாக நிற்கும் ஐந்தையும் சேர்த்துக் காலை அகட்டி வைத்தார். இரண்டு நாற்றுக் கட்டுகளை அவிழ்த்து இடது கையில் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.