குறை தேடிச் சேர்த்த பதினான்கு

யோலாந்த் மத்தேயிடம் பதினான்கு கைக்கடிகாரங்கள் இருந்தன. பதினான்கும் க்ரோனோகிராஃப். மணி காட்டுவதோடு நிற்காது. பக்கவாட்டில் இரண்டு பொத்தான் இருக்கும். மேல் பொத்தானை அழுத்தினால் ஒரு மெல்லிய ஊசி ஓடத் தொடங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பொத்தானை அழுத்தினால் பூஜ்யத்துக்கு ஓடிவந்து நிற்கும். எல்லாமே ஸ்விட்சர்லாந்தின் கடிகார ஊரான லா ஷோ-த-ஃபோனில், அவள் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையில், அவள் உட்கார்ந்த அதே மேசையில் பொருத்தப்பட்டவை. அதில் ஒன்றுகூட அவள் பொருத்தியது இல்லை. பதினான்கையும் பொருத்தியவள் லிலியான். லிலியானைக் கண்டாலே யோலாந்துக்கு ஆகாது.

ஊரில் யாருக்கும் இது தெரியாது. பழைய வேலை மேல் மதாம் மத்தேவுக்கு எவ்வளவு பாசம் என்று பேக்கரியில் பேசிக்கொண்டார்கள். பாசமாவது மண்ணாங்கட்டியாவது.

யோலாந்தின் அப்பா கடிகாரக்காரர், தாத்தா கடிகாரக்காரர், அத்தைமார் இருவர் முள்ளுக்கு வர்ணம் பூசியவர்கள். பதினெட்டு வயதில் தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது தன் வீட்டுக்குள் நுழைகிற மாதிரிதான் நுழைந்தாள். மூன்று வருடம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில், மலைமேல் ஒரு பால் பண்ணையிலிருந்து லிலியான் வந்து சேர்ந்தாள். சிவந்து வெடித்த கை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யோலாந்த் மற்றப் பெண்களிடம், "மாட்டுக் காம்பைப் பிடிச்ச கை, பொத்தானையும் கறந்து வெச்சிடப் போகுது பாருங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். லிலியானும் சிரித்தாள். அதுவே யோலாந்துக்குப் பொறுக்கவில்லை.

ஒரு வருடத்தில் ஜன்னலோர நாற்காலி லிலியானுக்குப் போயிற்று. மேற்பார்வையாளர் ஜாக்கோ ஒரு வார்த்தை சொல்லாமல் அவளுடைய கருவிப் பெட்டியை எடுத்து அங்கே வைத்தார். வடக்கு வெளிச்சம் நேரே மேசையில் விழும் இடம் அது. அந்த நாற்காலிக்காக யோலாந்த் நான்கு வருடம் காத்திருந்தாள். அன்றைக்கு அவள் எதுவும் சாப்பிடவில்லை.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. பொத்தானின் அழுத்தம் முழுக்கத் திருகாணிகளில் இருக்கிறது. முடுக்குவது மயிரிழையில் பாதி கூடினால் கெட்டியாகிவிடும், குறைந்தால் ஊசி புறப்படும்போது தாவும். ஜாக்கோ மாலையில் ஒவ்வொரு கடிகாரத்தையும் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். யோலாந்தினுடையதை ஒரு தடவை அழுத்தி, "போகலாம்" என்பார்; கடிகாரம் தேறிவிட்டது, அனுப்பலாம் என்று அர்த்தம். லிலியானுடையதை அழுத்திவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். மறுபடி ஒரு தடவை அழுத்துவார். தேவையே இல்லாமல், வெறும் சுகத்துக்காக. அந்த இரண்டாவது அழுத்தலுக்காக யோலாந்த் தன் கழுத்துச் சங்கிலியைக்கூடக் கழற்றிக் கொடுத்திருப்பாள். பதினெட்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து, அது தனக்கு ஒரு தடவைகூடக் கிடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுபத்திநான்கில் தொழிற்சாலையை மூடினார்கள். லிலியான் ஏரிக்கரை ஊரான நூஷாத்தேலுக்குப் போய்விட்டாள். யோலாந்த் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம். இரண்டு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே அந்தத் தொழிற்சாலையின் க்ரோனோகிராஃப் ஒன்று கிடந்தது. வாங்கிவந்து வீட்டில் பிரித்தாள். உள்ளே மேல்தகட்டின் ஓரத்தில் ஊசியால் குத்திய ஒரு புள்ளி.

அது ஜாக்கோ வைத்த ஏற்பாடு. ரிப்பேருக்குத் திரும்பி வந்தால் யார் பொருத்தியது என்று தெரிய வேண்டுமே. யோலாந்துக்குக் குறுக்கே ஒரு கோடு, லிலியானுக்கு ஒரு புள்ளி. எந்தக் குறி யாருடையது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பெண்களுக்கும் ஜாக்கோவுக்கும் மட்டுமே தெரியும்.

யோலாந்த் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அன்று முழுக்க அந்தக் கடிகாரத்தைக் குடைந்தாள். ஒரு குறை. ஒரே ஒரு குறை கிடைத்தால் போதும், ஜாக்கோ ஆள் பார்த்து நாற்காலி கொடுத்தார் என்று நிம்மதியாகத் தூங்கலாம். கிடைக்கவில்லை. சரி, இது ஏதோ நல்ல நாளில் செய்தது போலிருக்கிறது என்று இன்னொன்றைத் தேடிப் போனாள். அப்படித்தான் பதினான்கு சேர்ந்தது. கோடு போட்டது கண்ணில் பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். தன் வேலை அவளுக்குத் தெரியும்.

அவள் கணவன் அர்மான் நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன். "இன்னொண்ணா? உனக்கு இருக்கறதே ரெண்டு கைதான்" என்பான்.

"உனக்கு இருக்கறதும் ஒரு வாய்தான். மூடிக்கிட்டுச் சாப்பிடு."

"நல்லாத்தானே ஓடுது. எதுக்கு அதையே போட்டு அழுத்திக்கிட்டிருக்க?"

"நல்லா ஓடுதுன்னுதான் அழுத்துறேன்" என்பாள். அர்மான் தோளைக் குலுக்கிவிட்டுப் பாலாடைக்கட்டியை வெட்டப் போய்விடுவான்.

தொண்ணூற்றொன்பதில் ஃபாலே வீட்டுக்கு வந்தார். தபால் நிலையத்தில் ஓய்வு பெற்றவர், கடிகாரம் சேர்ப்பவர்கள் சங்கத்துச் செயலாளர். யாரோ சொல்லக் கேட்டு வந்திருந்தார். மேசைவிரிப்பில் பதினான்கையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு எல்லாவற்றின் மூடியையும் திறந்து லென்ஸில் பார்த்தார்.

"மதாம், எல்லாத்துலயும் ஒரே புள்ளி. இதெல்லாம் உங்க கையா?"

யோலாந்த் வாயைத் திறந்தாள். அடுப்பில் காப்பி பொங்குகிற சத்தம் கேட்டது. போய் இறக்கி வைத்தாள். திரும்பி வந்தபோது அவர் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியிருந்தார். அவள் அவருக்குக் காப்பியை ஊற்றினாள். சர்க்கரை எத்தனை என்று கேட்டாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

நவம்பரில் சங்கத்தின் சந்தை. ஃபாலே கேட்டு வாங்கிப்போன பதினான்கும் கண்ணாடிப் பெட்டியில் பட்டுத்துணிமேல் வைக்கப்பட்டன. முன்னால் அச்சடித்த அட்டை: "யோலாந்த் மத்தே அவர்களின் கைவேலை." சனங்கள் வந்து அழுத்திப் பார்த்தார்கள். என்ன கை, என்ன கை என்றார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவள் காதில் விழுந்து நேரே வயிற்றில் போய் எரிந்தது. களவாடிய புகழ்கூட லிலியானுக்குத்தான் சேருகிறது. நாள் முழுக்க நின்று கேட்கவேண்டியது மட்டும் இவள். இதற்கு வராமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

பதினோரு மணிக்கு லிலியான் வந்தாள். பழைய தொழிலாளர்கள் எல்லோருக்கும் ஃபாலே கடிதம் போட்டிருந்தார், அது யோலாந்துக்குத் தெரியாது. மகள் அவளை முழங்கையைப் பிடித்து நடத்தி வந்தாள். லிலியானுக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் மட்டும் நிழல் தெரியும்.

"யோலாந்த் தானே? அதே சென்ட். மாத்தவே இல்லியாடி நீ?" என்று கன்னத்தில் மூன்று முத்தம் வைத்தாள். "உன் வேலைய வெச்சிருக்காங்களாமே. என் கையில குடு, பாப்போம்."

ஃபாலே மிகுந்த மரியாதையோடு பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். லிலியான் கட்டைவிரலை வைத்தாள். ஓடவிட்டாள், நிறுத்தினாள், பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். முகத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது. இன்னொன்று கேட்டாள். பிறகு இன்னொன்று. ஐந்தாவதை அழுத்திவிட்டு, "முசியே, இங்க குடிக்க ஏதாவது கெடைக்குமா?" என்றாள். ஃபாலே வெள்ளை வைன் எடுத்துவரப் போனார்.

"யோலாந்த், இது என்னுது" என்றாள் லிலியான், மெதுவாக.

பொய் சொல்லலாம். புள்ளி இவள் கண்ணுக்குத் தெரியாது. ஜாக்கோ செத்துப் பத்து வருடம் ஆகிறது. யோலாந்த் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆனால் அந்தக் கட்டைவிரலைப் பதினெட்டு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். அதனிடம் பொய் எடுபடாது.

"ஆமா."

"எல்லாமேவா?"

"பதினாலும்."

"உன் பேரு போட்டிருக்குன்னு பொண்ணு படிச்சாளே."

"நான் போடச் சொல்லல. போட்டத எடுக்கவும் சொல்லல."

"சரி, அது போகட்டும். என்னுத எதுக்கு வாங்கி வெச்சிருக்க நீ?"

"குறை கண்டுபிடிக்க" என்றாள் யோலாந்த். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. "ஜன்னல் நாற்காலிய உனக்குக் குடுத்தானே அந்த ஆளு, அது தப்புன்னு எனக்கு நானே காட்டிக்கணும். இருபத்திமூணு வருஷமா ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாக்கறேன். உன்மேல எனக்கு அவ்வளவு எரிச்சல். இப்பவும்."

லிலியான் கையிலிருந்த கடிகாரத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்புறம், "கெடச்சுதா?" என்றாள். குரலில் கேலி இல்லை. பயந்துபோய்க் கேட்டாள்.

"இல்ல."

"ஒண்ணுல கூடவா?"

"ஒண்ணுல கூட இல்லடி. போதுமா?"

லிலியானின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஜாக்கோ ஒரு நாள்கூட எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. உனக்கெல்லாம் 'போகலாம்'னுவாரு. என்னுத மட்டும் மறுபடி மறுபடி அழுத்துவாரு. இன்னிக்கு என்ன தப்புப் பண்ணினேனோன்னு தெனமும் பயந்துக்கிட்டே வீட்டுக்குப் போவேன். உனக்குச் சொன்ன அந்த 'போகலாம்' எனக்கும் ஒரு தடவ கெடைக்காதான்னு ஏங்கியிருக்கேன்."

ஃபாலே வைனோடு வந்ததும், யோலாந்த் அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அட்டையில் தன் பெயரை அடித்தாள். "இது லிலியான் ஓபேரோட வேலை. நான் சேத்து வெச்சேன், அவ்வளவுதான்" என்றாள். ஃபாலே ஒரு நிமிடம் விழித்தார். பிறகு அவருடைய முகம் கனிந்துபோயிற்று. தோழியின் வேலையை இத்தனை வருடம் தேடித் தேடிக் காப்பாற்றியவர் என்று மேடையேறி ஒலிபெருக்கியிலேயே அறிவித்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். யோலாந்துக்குத் தரை பிளந்தால் தேவலை போலிருந்தது.

உள்ளதைச் சொல்லிவிட்டால் பொறாமை தீர்ந்துபோகும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். லிலியானுக்கு நாற்காலி போட்டுக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. எப்படிப் பொருத்துவீர்கள், எந்த எண்ணெய் போடுவீர்கள் என்று கேட்டார்கள். அவள் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். யோலாந்த் கண்ணாடிப் பெட்டி பக்கத்தில் ஒற்றையாக நின்று, குளிர்ச்சி போன வைனைக் குடித்தாள். எரிச்சல் கொஞ்சமும் குறையவில்லை.

அப்போது ஜெனீவாவிலிருந்து வந்திருந்த ஒரு வியாபாரி, கோட்டும் சூட்டும் போட்டவர், அந்தப் பதினான்கில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"மதாம், தப்பா நினைக்காதீங்க. இதுல ஊசி கெளம்பறப்ப லேசாத் தாவுது. எப்பவும் இல்ல. பத்துக்கு ஒரு தடவ."

யோலாந்த் வாங்கி அழுத்தினாள். ஒழுங்காக ஓடியது. மறுபடி, மறுபடி. ஏழாவது தடவை ஊசி புறப்படும்போது ஒரு மயிரிழை துள்ளியது. அவள் கண் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. தெளிவாகப் பார்த்தாள். இருபத்திமூன்று வருடம் தேடியது உள்ளங்கையில் இருந்தது.

அவள் கோபத்தில் நிமிர்ந்தாள். "உங்களுக்கு அழுத்தத் தெரியல" என்றாள்.

"இல்ல மதாம், நான் முப்பது வருஷமா இதே தொழில்ல..."

"முப்பது வருஷமாத் தப்பா அழுத்தியிருக்கீங்க. விரலை நேரா வைக்கணும். இத இனிமே யாரும் தொட வேணாம்." கடிகாரத்தைக் கைப்பைக்குள் போட்டு மூடிவிட்டாள்.

கூட்டத்துக்கு நடுவிலிருந்து லிலியான் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள். "யோலாந்த், என்ன சொல்றாரு அவரு?"

அவளுடைய கை நாற்காலிப் பிடியில் ஒரே இடத்தில் நின்றுவிட்டதை யோலாந்த் பார்த்தாள்.

"போகலாம்ங்கறாரு" என்றாள்.