அவள் வாசிக்காத பெயர்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலுள்ள தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளுக்குள் அவள் வாய் திறப்பதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ரோல்ஸை விரலால் காட்டுவாள். எத்தனை என்பதையும் விரலாலேயே காட்டுவாள். ஒரு கடையில் அவளை ஊமை என்று நினைத்து, இரக்கப்பட்டு, ஒரு வடையை மேலதிகமாகப் போட்டுக் கொடுத்தார்கள். நான் அதைப் பகிடியாகத்தான் எடுத்தேன். ஒருநாள் அவள் மறந்துபோய், கறி உறைப்போ என்று கேட்டுவிட்டாள். இடியப்பம் கட்டிக்கொண்டிருந்த பெண் அப்படியே நின்றாள்.

"பிள்ளை லண்டன் ரீவியிலை செய்தி வாசிச்சனீங்களெல்லோ?"

இவள் ஓம் என்றாள். அந்தப் பெண் பார்சலை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். திரும்பி வரவில்லை. முதலாளிதான் வந்து காசை வாங்கினார். அந்தப் பெண்ணின் தமையன் குடும்பம் முழுவதும் போரில் செத்த செய்தியை இந்தக் குரலில்தான் கேட்டாளாம் என்று மெதுவாகச் சொன்னார். காரில் ஏறியபிறகு, "எனக்கு வேறை தொண்டை வேணும் அண்ணை" என்றாள் இவள். 

அவளை எனக்கு லண்டனிலிருந்தே தெரியும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாங்கொக்கில், வெளிநாட்டுக்குக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் அறைக்குள் ஒரு வருடம் அடைந்து கிடந்தேன். மொஸ்கோவில் ஒரு குளிர்காலம் போனது. பாரிசில் உணவகத்தில் கோப்பை கழுவினேன். எந்த இடத்திலும் என்னால் நிலைத்திருக்க முடிந்ததில்லை. லண்டனில் ஒரு தளபாடக் கடையின் மேல்மாடியில் தமிழ்த் தொலைக்காட்சி நிலையம் ஒன்று இருந்தது; கனடாவிலும் அதைப் பார்ப்பார்கள். அங்கே கூட்டுவது, விளக்குத் தூக்குவது, தேத்தண்ணி வைப்பது என் வேலை. எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஹீற்றர். அந்தக் கட்டடத்துக்குச் சூடு கிடையாது. ஆகவே செய்தி வாசிக்கும் மேசைக்குக் கீழே ஒரு ஹீற்றர் வைத்திருந்தோம். அது உறுமும், உறுமல் ஒலிவாங்கிக்குள் போய்விடும். செய்தி தொடங்குமுன் நான் குனிந்துபோய் அதை நிறுத்துவேன். முடிந்தவுடன் திரும்பப் போடுவேன். இடையில் அவள் முழங்கால் நடுங்க நடுங்க வாசிப்பாள். மேலே ஒன்றும் தெரியாது.

சின்ன வயதில் லண்டனுக்கு வந்தவள் அவள். படிப்பெல்லாம் ஆங்கிலத்தில். தமிழைத் தகப்பன் சனிக்கிழமைகளில் அடித்துப் பழக்கினாராம். பகலில் நகரசபை அலுவலகத்தில் வேலை, மாலையில் எங்களிடம் செய்தி. முதலில் அவளுக்குக் கொடுத்தது காலநிலையும் கோயில் திருவிழாக்களும்தான். பெரியவர்கள் தொலைபேசி எடுத்து அவளுடைய உச்சரிப்பைத் திருத்துவார்கள். நீர் வாசிக்கிறது செய்தியோ, வெள்ளைக்காரி படிக்கிற தேவாரமோ என்று ஒருவர் கேட்டார். அந்த மனிதரின் குரலிலேயே அதை எங்களுக்கு நடித்துக் காட்டிச் சிரித்தாள். கொஞ்சக் காலத்தில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. சேலைக் கடைகள் அவளுக்குச் சேலை கொடுத்தன. கலியாண வீடுகளில் மேடையில் பேசக் கூப்பிட்டார்கள். அந்த நாட்களில் அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

பிறகு இலங்கையில் போரின் கடைசி மாதங்கள் வந்தன. செத்தவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டி வந்தது. அவள் ஒரு விதி வைத்தாள். ஒரு பெயரை இரண்டு பேர் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் கண்ணால் கண்டவர்களாக இருக்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாதவர்களாகவும் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் சொன்ன பெயரை அவள் வாசிக்க மாட்டாள். மற்ற நிலையங்கள் முந்திக்கொள்கின்றன என்று நிலையப் பொறுப்பாளர் சண்டை பிடித்தார். பிழையாக வாசித்தால் அந்தத் தாய்க்கு நீங்கள் போய் மறுமொழி சொல்வீர்களா என்று கேட்டாள்.  அவள் வாயில் வந்த எந்தப் பெயரும் உயிரோடு திரும்பி வரவில்லை. சனம் அதை விளங்கிக்கொண்டது. வேறு இடங்களில் கேள்விப்பட்டாலும், இவள் வாசிக்கும்வரை அழாமல் காத்திருந்த வீடுகள் இருந்தன.

போர் முடிந்தபிறகு அந்த நிலையத்தைப் பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. விளம்பரங்கள் நின்றன. நிலையத்தைப் பூட்டினார்கள். ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் அவள் மேடையேறி வணக்கம் சொன்னதும் முன்வரிசையில் இருந்த வயதான பெண் ஒருத்தி அழத் தொடங்கினாளாம். வீட்டுக்காரர் காசைக் கையில் கொடுத்து வாசல்வரை கொண்டுவந்து விட்டாராம். ஆங்கிலத் தொலைக்காட்சிகளுக்கு எழுதிப் பார்த்தாள், பதில் வரவில்லை. புருஷன் பிரிந்து போனான். தமையன் கனடாவில் மார்க்கம் என்ற ஊரில் இருந்தபடியால் இங்கே வந்தாள். பிக்கரிங்கில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறாள். நானும் வேறு வழிகளால் சுற்றி அதே பண்டகசாலைக்கு வந்து சேர்ந்தேன். எனக்குக் கார் இருந்தது. அவளை ஏற்றி இறக்கினேன்.

நான் வாடகைக்கு இருந்தது ஸ்காபரோவில், அன்ரி என்று நான் கூப்பிடும் ஒரு வயதான அம்மாவின் வீட்டுக்குக் கீழே, பேஸ்மென்றில். வீடு மகளின் பெயரில் இருந்தது. மகள் விட்பியில் புது வீடு வாங்கிப் போய்விட்டாள். தாயையும் அங்கே கூட்டிப்போய், இந்த வீட்டை விற்க நினைத்தாள். அன்ரி அசையவில்லை. குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பில் தகடு வைத்தார்கள். மாடிப்படியில் மறுபடியும் விழுந்தார். அந்தமுறை நான் வேலையால் வந்துதான் தூக்கினேன். அதற்குப் பிறகும் அவர் அசையவில்லை.

காரணம் வரவேற்பறையில் இருந்த வயர்த் தொலைபேசி. அன்ரிக்கு ஒரு மகனும் உண்டு. கூட்டுறவுச் சங்க லொறி ஓட்டியவன். மகள் ஸ்பொன்சர் செய்து அன்ரி கனடாவுக்கு வந்தபோது, பிறகு வருகிறேன் என்று அவன் ஊரில் நின்றுவிட்டான். இந்த வீட்டின் தொலைபேசி இலக்கத்தை அவனுக்கு மனப்பாடம் செய்ய வைத்துவிட்டுத்தான் அன்ரி விமானம் ஏறினார். போரின் கடைசியில் அவனைக் காணவில்லை. இலக்கத்தையும் வீட்டையும் விட்டுப் போனால் அவன் எங்கே தேடுவான் என்பதுதான் அன்ரியின் கேள்வி.

அவன் இல்லை என்று சொந்தக்காரர் பலர் சொல்லிவிட்டார்கள். அன்ரியிடம் ஒரே மறுமொழிதான் இருந்தது.

"அந்த லண்டன் பிள்ளை வாசிக்கேல்லை. அவள் தெரியாமல் வாசிக்கமாட்டாள், தெரிஞ்சால் விடவும் மாட்டாள். நான் ஒரு நாள் தவறாமல் பாத்தனான்."

அந்தப் பிள்ளையை நான் தினமும் காரில் ஏற்றுகிறேன் என்று அன்ரியிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு சனிக்கிழமை மகளும் நானும் வாசலில் பனி அள்ளிக்கொண்டு நின்றபோது வாய் தவறி அவளிடம் சொல்லிவிட்டேன். மகள் பனி அள்ளும் சவளை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கூட்டிக்கொண்டு வாங்கோ அண்ணை. தான் வாசிச்சனான், அம்மா கவனிக்கேல்லை எண்டு சொல்லட்டும். பொய்யெண்டாலும் பரவாயில்லை. அவன் என்ரை தம்பியும்தானே. இவ்வளவு வருசமா என்னை ஒரு நாள் அழ விட்டவவே?"

திங்கட்கிழமை வேலையில் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வாசித்தவளிடம் இதைச் சொன்னேன். அவள் அந்த மகனின் ஊர்ப் பெயரைக் கேட்டாள். தகப்பன் பெயரைக் கேட்டாள். லொறி என்றதும் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

அன்ரியை அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த மாதங்களில் தினமும் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்த பல தாய்மாரில் இவரும் ஒருவர். கனடா அம்மா என்றுதான் அங்கே சொல்வார்களாம். மகன் செத்ததைக் கண்டதாக அப்போது ஒருவர் சொல்லியிருந்தார். ஒருவர் என்றபடியால் இவள் வாசிக்கவில்லை. நிலையம் பூட்டியபிறகு, போர் நடந்த இடத்து ஆசுப்பத்திரியில் வேலை செய்த ஒரு பெண் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பெண்ணும் கண்டிருந்தார்.

"ரெண்டாவது ஆள் வரேக்கை எனக்கு வாசிக்க மேசை இல்லை அண்ணை. வீட்டிலை இருந்து தொலைபேசி எடுத்து ஒரு தாயிட்டைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

 பெல் அடித்தது. எழும்பும்போது, பொய் சொல்ல வரமாட்டேன், உள்ளதைச் சொல்ல வருகிறேன் என்றாள்.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டிப்போனேன். பனி கறுத்து வாசலில் குவிந்து கிடந்தது. கதவைத் திறந்த அன்ரி முகத்தை வைத்து ஆளை மட்டுக்கட்டவில்லை. வணக்கம் அன்ரி என்று இவள் சொன்னதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வா பிள்ளை, வா. என்ரை பிள்ளையைச் சாகவிடாமல் வைச்சிருக்கிறவள் நீயெல்லோ."

மகள் எனக்குப் பின்னால் நின்றாள். அன்ரி தேத்தண்ணி வைத்தார், தட்டில் அரியதரம் வைத்தார். ரீவியிலை குண்டாக இருந்தாய், இப்போது வத்திப்போனாய் என்றார். ரீவி குண்டாகக் காட்டும் அன்ரி என்றாள் இவள். உவன் என்னுடைய வீட்டிலேயே இருந்துகொண்டு உன்னைத் தெரியுமென்று ஒரு சொல் சொல்லவில்லை, கள்ளன் என்று எனக்கும் ஓர் ஏச்சு விழுந்தது. அன்ரி அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் கண்டதில்லை. மகள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவள் தேத்தண்ணியைத் தொடவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். முதல் ஆள் அவனோடு லொறியில் வந்த ஊர்க்காரர். இரண்டாவது ஆள் ஆசுப்பத்திரியில் வேலை செய்த பெண். செல் வந்து விழுந்து வெடித்த இடம், லொறிக்குப் பக்கத்தில் அவனைப் புதைத்தது, எல்லாவற்றையும் சாதாரணக் குரலில், அங்கங்கே நின்று நின்று சொன்னாள். அன்ரி இடையில் குறுக்கிடவில்லை. முடிந்தபிறகு கேட்டார்.

"கண்டவையோ, கேட்டவையோ?"

"கண்டவை."

"ஆளையாள் தெரியுமோ?"

"தெரியாது அம்மா."

அந்த விதியை அன்ரியைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. இத்தனை வருடமாக அதில்தான் அவர் உயிர் வாழ்ந்தார். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"அப்ப வாசி."

இவளுக்கு விளங்கவில்லை.

"செய்தியிலை வாசிக்கிற மாதிரி வாசி பிள்ளை. இப்பிடிக் கதைச்சா நான் நம்பமாட்டன்."

இவள் என்னைப் பார்த்தாள். ஏன் செய்தேன் என்று தெரியாது, நான் எழும்பிப்போய்ச் சுவரில் இருந்த சூட்டுப் பொத்தானைக் குறைத்தேன். கீழே என் அறைக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்த, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் நின்றது. வீடு அமைதியாயிற்று. அவள் கதிரையின் விளிம்புக்கு வந்து முதுகை நிமிர்த்தினாள். நேரே பார்த்து வாசித்தாள். கையில் தாள் இல்லை. அவன் பிறந்த ஊர், தகப்பன் பெயர், தாய் ரொறன்ரோவில் வசிப்பவர் என்பது, அவன் செய்த தொழில், எங்கே எப்படி இறந்தான், கண்டவர்கள் இருவர் என்பது. வீரம் என்றோ துயரம் என்றோ ஒரு சொல் இல்லை. லண்டனில் கேட்ட அதே குரல். முழங்கால் நடுங்கியதை நான் பார்த்தேன். மேலே ஒன்றும் தெரியவில்லை.

மகள் குசினி வாசலில் நிலத்தில் இருந்துவிட்டாள். அவள் அழுத அழுகை மனிதர் அழுகிற மாதிரி இருக்கவில்லை. அன்ரி அழவில்லை.

"என்ன நாள்?"

நாள் தெரியவில்லை என்றாள் இவள். பதுங்குகுழிக்குள் கிடந்த சனத்துக்கு நாட்கள் குழம்பியிருந்தன. கண்டவர்கள் இருவரும் வேறு வேறு நாட்களைத்தான் சொன்னார்கள். அன்ரி தலையை ஆட்டினார். பிறகு எழும்பி, தொலைபேசி வயரைத் தானே சுவரிலிருந்து இழுத்தார். பழக்கமில்லாத கை, இரண்டு மூன்று தரம் இழுக்க வேண்டியிருந்தது. நான் உதவப் போகவில்லை. வீடு குளிர்ந்துகொண்டு வந்தது. சூட்டைத் திரும்பப் போட ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

கோடைக்கு முன்னர் வீடு விற்றுப்போயிற்று. அன்ரி விட்பிக்குப் போனார். எனக்கு இருப்பிடம் போயிற்று. இரண்டு பையில் சாமான்களைக் கட்டி வேறொரு பேஸ்மென்றுக்கு மாறினேன். அது எனக்குப் புதிதல்ல.

போகுமுன் ஒருநாள் அன்ரியையும் மகளையும் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். திவசத்துக்குத் திதி பார்க்க வேண்டும். நாள் தெரியாது என்றபடியால் அமாவாசையில் செய்யலாம் என்றார் ஐயர். அன்ரி மாட்டேன் என்றார். அந்த மார்ச் மாதத்து ஞாயிறு என்ன திதி என்று பார்க்கச் சொன்னார்.

"அது நீங்கள் கேள்விப்பட்ட நாளெல்லோ அம்மா?"

"ஓம். அந்த நாள் வரைக்கும் அவன் எனக்கு உயிரோடை இருந்தவன்."

அப்படியும் செய்வதுண்டு என்று ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

வேலையில் இதை அவளிடம் சொன்னேன். எந்த நாளை எடுத்தார்கள் என்று இன்னொருமுறை கேட்டாள். சொன்னேன். அது தான் வாசித்த நாள் என்றதும் கையுறையை மாட்டிக்கொண்டு பெட்டி அடுக்கப் போனாள். அன்றைக்குப் பின்னேரம் காரில் ஏறவில்லை. தமையன் வருகிறார் என்றாள். பஸ் தரிப்பில் அவள் தனியே நின்றதைக் கண்டேன்.

திதி அதற்குப் பிறகு இரண்டு தரம் வந்துவிட்டது. அவளை வரச்சொல்லி அன்ரி கேட்டதில்லை. அந்தக் குரலை இனிக் கேட்க ஏலாது என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் படையல் சாப்பாட்டில் எனக்கு ஒரு பார்சலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பார்சலும் கட்டி அனுப்புகிறார். நான் வேலைக்குக் கொண்டுபோய் அவள் முன்னால் வைப்பேன். அவள் அதைப் பிரிப்பதில்லை. சாப்பாட்டு நேரம் முடியும்வரை அதற்கு முன்னால் இருந்துவிட்டு என் பக்கம் தள்ளிவிடுவாள். சாப்பாட்டை எறிகிற பழக்கம் எனக்கு இல்லை. இரண்டையும் நானே சாப்பிடுகிறேன்.