பரவாயில்லை நோட்டு

அம்மாவுக்கு முடக்குவாதம் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், விரல் மடங்காமல் போய் நெமிலிச்சேரி வீட்டோடு இருந்தாள். ஆவடியில் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் வலி எப்படி இருக்குன்னு ஒரு நோட்டுல குறிச்சுட்டு வாங்க. அதைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டுறதா, குறைக்கிறதான்னு முடிவு பண்ணணும்" என்றார். அம்மாவால் பேனா பிடிக்க முடியாது. அப்பா விடியும் முன்னே வேலைக்குக் கிளம்பிவிடுவார். அதனால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விழுந்தது என்று சும்மா சொல்கிறேன். நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கையெழுத்துக்குப் பள்ளியில் பரிசு வாங்கிய திமிர் அப்போது நிறையவே இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி ஒரு பக்கம், வலி ஒரு பக்கம் என்று நோட்டைத் தயார் செய்தேன்.

காலையில் அம்மா வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் யூனிபாரம் போட்டுக்கொண்டு நோட்டும் பேனாவுமாகப் போய் நிற்பேன்.

"வலி எப்டிமா கீது?"

"பரவால்ல. நீ கெளம்பு, வேன் வந்துடும்."

பேச்சைத் திருத்தி, 'பரவாயில்லை' என்று முத்து முத்தாக எழுதுவேன். மறுநாளும் பரவால்ல. அதற்கு மறுநாளும் பரவால்ல. கண் கலங்கியிருந்த நாட்களிலும் அதையேதான் சொன்னாள். எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனால் வலி அவளுடையது, அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று எழுதிக்கொண்டே போனேன்.

ஒரு மாதம் கழித்து மூன்று பேரும் ஆவடிக்குப் போனோம். டாக்டர் நோட்டைப் புரட்டி, "பரவாயில்லையே" என்றார். என் கையெழுத்தைச் சொன்னாரா, அம்மாவின் விரலைச் சொன்னாரா என்று புரியவில்லை. "மருந்து நல்லாக் கேக்குது. பாதியாக் குறைச்சிடலாம். அப்படித்தானேம்மா?" என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் பெருமையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் தலையாட்டினாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறைக் குழாயைத் திறக்க முடியாமல் அம்மா சுவரில் நெற்றியை வைத்து அழுதாள். அம்மா அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. அப்பா நோட்டை எடுத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா எய்தி வெச்சிகீற? கை வீங்கிப்போய் கீது, நீ தெனம் பரவால்லன்னு எய்திகீற?"

"அம்மாதான் சொல்லிச்சு" என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"புள்ள ஸ்கூலுக்குக் கெளம்புற நேரத்துல வந்து கேட்டா, வேற இன்னா சொல்றது?" என்றாள் அம்மா.

இதில் ஸ்கூல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.

மறுநாள் அப்பா லீவு போட்டு அழைத்துப் போனார். டாக்டர் பழையபடி முழு மாத்திரை கொடுத்தார். நோட்டு அப்பா கைக்குப் போனது. தினமும் வேலை விட்டு வந்ததும் அவரே கேட்டு, கோழி கிளறியது போல ஏதோ எழுதுவார். அவரிடம் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். கட்டைவிரல், மணிக்கட்டு, சோறு பிசைய முடியாதது, எனக்குத் தலை பின்னிவிட முடியாதது என்று ஒன்று விடாமல் கொட்டினாள். கதவோரம் நின்று கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "எங்கிட்ட மட்டும் ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"அப்பாகிட்ட சொல்லலாம்" என்றாள்.

அம்மாவுக்கு என்னைவிட அப்பாவைத்தான் ரொம்பப் பிடிக்கும் என்று முடிவுகட்டிக்கொண்டு, இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.