உண்டியலில் ஒட்டிய முகம்

அந்தப் பெயிண்டரைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. அவன் அடித்த சுவர்களைப் பார்த்து யாரும் அவனைத் தெரிந்துகொள்ளவில்லை. மருந்துக்கடை, ரொட்டிக்கடை, சலூன் என்று கல்லாப்பெட்டி இருக்கிற இடத்திலெல்லாம் தர்ம ஆஸ்பத்திரியின் உண்டியல் ஒன்று இருந்தது. அதன் மேல் அவன் முகம். கீழே, ‘இவரைக் கைவிடாதீர்கள்.’

நாலு வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு, தர்ம ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தான். ஒருநாள் போட்டோ எடுக்கிறவர் வந்தார். அன்றைக்கென்று பார்த்து அவனுக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தான்.

“அப்படியே இருங்க, அசையாதீங்க!” என்றார் போட்டோக்காரர்.

பல்லை மறுநாளே பிடுங்கிவிட்டார்கள். காலும் கூடிவிட்டது. முகம் மட்டும் உண்டியலிலேயே தங்கிவிட்டது.

திரும்ப வேலைக்குப் போனால், ஏணியில் கால் வைத்ததும் வீட்டுக்காரர்கள் பதறினார்கள். “நீங்க ஏறாதீங்க. கைக்கு எட்டுற வரைக்கும் அடிச்சாப் போதும்” என்றார் ஒரு அம்மா. அந்த வீட்டுச் சுவர் இன்றும் மேலே பாதி பழுப்பு, கீழே பாதி நீலம். ரொட்டிக்கடைக்காரர் காசை வாங்கவே மாட்டேன் என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

ஒருநாள் மனைவி பொரிந்து தள்ளினாள். “நான் ஆசையா ஒரு புதுச் சட்டை எடுத்துக் குடுத்தேன். எதிர்வீட்டுக்காரி என்ன கேக்குறா தெரியுமா? ‘உண்டியல் நல்லா நிரம்புது போல’ன்னு! போய் அந்தப் படத்தை எடுக்கச் சொல்லுங்க, இல்லன்னா நான் போறேன்.”

அவனே போனான். ஆஸ்பத்திரி மேனேஜர் எழுந்து வந்து கட்டிப்பிடிக்காத குறை.

“எவ்வளவோ படம் மாத்திப் பாத்துட்டோம் சார். கைக்குழந்தை படம்கூடப் போட்டோம். ம்ஹூம், உங்க அளவுக்கு வசூல் வரல.”

“எனக்குத்தான் நல்லாயிடுச்சே!”

“ரொம்ப சந்தோஷம். அதை வெளியில சொல்லிக்காதீங்க.”

அவன் விடவில்லை. கடைசியில் மேனேஜர் இறங்கிவந்து, அவன் சிரிக்கிற மாதிரி புதுப்படம் எடுத்து, ‘குணமாகிவிட்டார், நன்றி’ என்று போட்டார். பத்தே நாளில் கடைகளிலிருந்து புகார். ‘நம்ம காசுல எவன் இவன் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான்?’ என்று சனங்கள் கேட்டார்களாம். பழைய படமே திரும்ப வந்தது.

அந்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் ஊறிப் பொரிந்துபோக, மேனேஜர் அவனையே கூப்பிட்டார். கூலியைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தர்ம காரியம்... கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

“நாலு வருஷமா மூஞ்சிய சும்மா குடுத்தேன். இப்ப கையையும் சும்மா கேக்குறீங்களா?” என்று கிளம்பியவன், வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். “சரி, கூலி வேணாம். ஒரு வார்டு முழுக்க அடிச்சுத் தர்றேன். படத்தை எடுத்துடுங்க.”

சொத்தை எழுதித் தரச்சொல்லிக் கேட்டதுபோல மேனேஜர் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். “அப்போ ரெண்டு வார்டா அடிச்சுடுங்களேன்.”

பேரம் படிந்தது. தன் முகத்தைத் தானே விலை கொடுத்து மீட்டான். நன்கொடையாளர் பலகையில் அவன் பெயரை எழுதலாமா என்று மேனேஜர் மிகுந்த மரியாதையோடு அனுமதி கேட்டார். முகத்தைக் கேட்காமலே எடுத்து ஒட்டிய மனிதர்தான்.

“வேண்டவே வேண்டாம்” என்றான்.

இரண்டாவது வார்டில் ஜன்னல் ஓரமாக, காலில் மாவுக்கட்டோடு ஒரு லாரி டிரைவர் படுத்திருந்தார். அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் வரச்சொல்லிச் சைகை காட்டினார்.

“அண்ணே, உண்டியல்ல இருக்குறது நீங்கதானே? போட்டோ எடுக்குறவர் எப்ப வருவாரு? மூணு நாளா ஷேவ் பண்ணாம வெச்சிருக்கேன்.”

“வேணாம்ப்பா. படாதபாடு படுவே.”

“போங்கண்ணே! இருபது வருஷமா இந்த ஊருக்குள்ள வண்டி ஓட்டுறேன், ஒருத்தனுக்கு என்னைத் தெரியாது. நாலு கடையில என் மூஞ்சி இருந்தா உங்களுக்கு என்ன?”

அவன் பிரஷை டப்பாவில் தோய்த்துக்கொண்டு, ஜன்னல் சட்டத்தின் மிச்சத்தை அடிக்க ஏணியில் ஏறினான்.